1968 எம்ஜிபிக்கு எந்த ஸ்பார்க் பிளக்? ஒரு நிகழ்வு ஆய்வு

கார் 1968ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர் (பிரிட்டனின் எம்ஜி நிறுவனத்தின் திறந்த ஸ்போர்ட்ஸ் கார்), மார்க் 2. எஞ்சின் 18ஜிடி (18GD) வகை பி-சீரிஸ்: நான்கு சிலிண்டர், 1798 சிசி, கம்ப்ரெஷன் விகிதம் 8.8:1, வார்ப்பிரும்பு ஹெட். கார்பரேட்டர் இரண்டு, எஸ்யூ எச்எஸ்4. ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டர் லூகாஸ் 25டி4, உள்ளே மின்சாரத்தைத் துண்டித்து இணைக்கும் பாயிண்ட், கண்டென்சர் எல்லாம் பழையபடியே. மார்க் 2 என்பதால் தொழிற்சாலையிலிருந்தே நெகட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் கழித்தல் முனை வண்டியின் உடலோடு இணைந்தது. கண்காட்சித் தரத்துக்குப் புதுப்பித்த வண்டி. எஞ்சின் அறையில் கண்ணில் படும் ஒவ்வொரு பொருளும் அந்தக் காலத்தியதாக இருக்க வேண்டும் என்று தேடித்தேடிச் சேர்த்திருந்தார்கள். பிளக்குகளும் அப்படித்தான் வந்தன: மஞ்சளடைந்த பழைய பெட்டிகளில், ஒருமுறைகூட மாட்டப்படாத, சாம்பியன் நிறுவனத்தின் நான்கு என்3.

குறை இதுதான். காலையில் ஒரே சுற்றில் ஸ்டார்ட் ஆகும். நெரிசலில் பதினைந்து இருபது நிமிடம் ஊர்ந்தால் ஒரு சிலிண்டர் விட்டுவிட்டு அடிக்கும், பிறகு இரண்டு. நெடுஞ்சாலையில் 4000 ஆர்பிஎம் வரை இழுத்தால் தெளிந்துவிடும். அடுத்த சிக்னலில் மறுபடி அதே கதை. மூன்று தடவை கார்பரேட்டரைத் திருகிப் பார்த்தும் தீரவில்லை.

கழற்றியதும் தெரிந்தவை

நான்கு பிளக்கின் மூக்கிலும் (எரியறைப் பக்கம் இருக்கும் பீங்கான் முனை) உலர்ந்த, தொட்டால் விரலில் ஒட்டும் கருப்புக் கரி. எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. கம்ப்ரெஷன் அளவு 168, 165, 162, 166 பிஎஸ்ஐ. ஆகவே ரிங்கோ வால்வு கைடோ குற்றவாளி அல்ல. ஈரமான பளபளக்கும் கருப்பு என்றால் எண்ணெய். உலர்ந்த மங்கல் கருப்பு என்றால் பெட்ரோல் அதிகம், அல்லது பிளக் சூடாகவில்லை. இந்த இரண்டாவதன் இரு பாதிகளையும் பிரித்துப் பார்க்காமல் கார்பரேட்டர்மீது மட்டும் கை வைத்ததுதான் முதல் தவறு.

கார்பரேட்டரை ஒதுக்கிவிட முடியாது, அதையும் முறையாகப் பார்க்க வேண்டும். எஸ்யூவில் சோக் (குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோல் தரும் இழுப்பான்) இழுத்தால் பெட்ரோல் வரும் குழாயான ஜெட் கீழே இறங்கும். சோக்கை உள்ளே தள்ளிய பிறகு ஜெட் முழுவதும் மேலேறி நட்டில் உட்காராவிட்டால் வண்டி நாள் முழுக்கச் சோக் போட்டபடியே ஓடும். இங்கே இரண்டு ஜெட்டும் சரியாக உட்கார்ந்திருந்தன. பிறகு, எஞ்சின் சூடானதும் பிஸ்டனைத் தூக்கும் சின்ன ஊசியை ஏறத்தாழ 1 மி.மீ. மட்டும் உயர்த்திப் பார்த்தார்கள். ஆர்பிஎம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். உடனே தடுமாறி விழுந்தால் குறைவு. லேசாக ஏறிப் பழைய இடத்துக்கே வந்தால் சரி. முன் கார்பரேட்டர் கொஞ்சம் அதிகம் காட்டியது. ஜெட் நட்டை ஒரு பட்டை (ஆறில் ஒரு சுற்று) மேலே திருகியதும் சரியானது. பிளக்குகளைத் துடைத்து மாட்டி ஓட்டியதில் இருபதாவது நிமிடத்தில் பழையபடி இரண்டாவது சிலிண்டர் விட்டுப்போனது. ஆக, கேள்வி பிளக்கிடம் வந்து நின்றது.

என்3 என்றால் என்ன, அது ஏன் இங்கே பொருந்தவில்லை

சாம்பியன் எண்களைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ‘என்’ என்ற எழுத்து பிளக்கின் உடலைச் சொல்கிறது: 14 மி.மீ. மரை, முக்கால் அங்குல நீளம், அதாவது 19 மி.மீ., 13/16 அங்குல அறுகோணம். அடுத்த எண் ஹீட் ரேஞ்ச், அதாவது பிளக் எவ்வளவு சூடாக ஓடும் என்பதன் அளவு. கடைசியில் ‘ஒய்’ இருந்தால் பீங்கான் மூக்கு உடலைத் தாண்டி எரியறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். ‘சி’ என்றால் நடு எலக்ட்ரோடுக்குள் செம்பு. முன்னால் ‘ஆர்’ இருந்தால் உள்ளே ரெசிஸ்டர்.

சாம்பியனின் சாதாரண கார் பிளக்குகளில் எண் ஏற ஏற பிளக் சூடானது. என்3 குளிர்ந்த பிளக், மூக்கும் உள்ளடங்கியது. இந்த எஞ்சினுக்கு எம்ஜி கையேடு சொல்வது என்9ஒய். இரண்டும் ஒரே உடல், ஒரே ஸ்பானர் சாவி, ஒரே மரை. மாட்டினால் அழகாகவே உட்காரும். அதனால்தான் இந்தத் தவறு கண்ணில் படுவதே இல்லை.

சூடான பிளக், குளிர்ந்த பிளக் என்பது தீப்பொறியின் வலிமை பற்றியது அல்ல. மூக்குப் பீங்கானின் சூடு எவ்வளவு வேகமாக உடலுக்கு இறங்குகிறது என்பதுதான் பொருள். மூக்கு நீளமாக இருந்தால் சூடு இறங்கும் வழி நீளம். மூக்கு சூடாகவே இருக்கும். குட்டையாக இருந்தால் சூடு உடனே உடலுக்கும் ஹெட்டுக்கும் போய்விடும். மூக்கு ஏறத்தாழ 450 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் படிந்த கரி தானாக எரிந்து விலகும். 800 டிகிரிக்கு மேல் போனால் தீப்பொறி வரும் முன்பே கலவை பற்றிக்கொள்ளும், பிஸ்டன் துளைபடும். இந்த இரண்டுக்கும் நடுவே மூக்கை வைத்திருப்பதுதான் ஹீட் ரேஞ்ச் தேர்வின் முழு வேலை. தொடர்ந்து உயர் ஆர்பிஎம்மில் முழு ஆக்சிலரேட்டரில் ஓடும் எஞ்சினில் என்3 கரியை எரித்துவிடும். சாலையில் ஊரும் 8.8:1 எஞ்சினில் அந்தச் சூட்டை அது எட்டவே எட்டாது. கரி மின்சாரம் கடத்தும் பொருள். மூக்கில் அது படிந்ததும் உயர் வோல்டேஜ் இடைவெளியைத் தாண்டாமல் கரிமேல் வழுக்கி உடலுக்குப் போய்விடுகிறது. 4000 ஆர்பிஎம்மில் தெளிந்ததும் சிக்னலில் திரும்ப வந்ததும் இதனால்தான்.

என்9ஒய்யின் நீட்டிய மூக்கு இந்த இடத்தில் அருமையான வேலை செய்கிறது. மெதுவாக ஓடும்போது அது எரியறைக்குள் நிற்பதால் சீக்கிரம் சூடாகிறது. வேகமாக ஓடும்போது உள்ளே வரும் குளிர்ந்த கலவை அதன்மீது அடித்துக் குளிர்விக்கிறது. ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் ஒரே வண்டி ஓட வேண்டுமென்றால் இதைவிடப் பொருத்தமான வடிவம் கிடையாது. அறுபதுகளில் ஒய் வகை இவ்வளவு பரவியதற்குக் காரணமும் இதுதான்.

இன்னொரு பழைய பொருள், இன்னொரு தவறு

பிளக்கை மாற்றி முடிக்கும் முன் தீப்பொறியையே பார்க்க வேண்டியிருந்தது, ஏனென்றால் பேட்டரி மின்சாரத்தை உயர் வோல்டேஜாக்கும் காயிலும் ‘அந்தக் காலத்தியது’. அதன் முனைகளில் கூட்டல் கழித்தல் குறிக்குப் பதில் ‘எஸ்டபிள்யூ’, ‘சிபி’ என்று பொறித்திருந்தது. ஸ்விட்ச், காண்டாக்ட் பிரேக்கர் என்பவற்றின் சுருக்கம். பாசிட்டிவ் எர்த் காலத்துக் காயில் அது. அந்த வண்டிகளில் ஸ்விட்ச் பக்கம் கழித்தல், பாயிண்ட் பக்கம் கூட்டல். இந்த வண்டியோ நெகட்டிவ் எர்த். எழுத்தைப் பார்த்து அப்படியே ஸ்விட்ச் ஒயரை எஸ்டபிள்யூவில் மாட்டியிருந்தார்கள். வண்டி ஓடும், ஆனால் உயர் வோல்டேஜ் தலைகீழாகப் போகும்.

நடு எலக்ட்ரோடுதான் பிளக்கில் சூடான முனை. சூடான முனையிலிருந்து எலக்ட்ரான் எளிதில் கிளம்பும். அதனால் நடு எலக்ட்ரோடு எப்போதும் கழித்தலாக இருக்க வேண்டும். தலைகீழானால் அதே இடைவெளியைத் தாண்டக் காயில் இன்னும் கூடுதல் வோல்டேஜ் தர வேண்டும். கரி படிந்த பிளக்கில் அந்தக் கூடுதல்தான் கிடைக்காமல் போகிறது.

கண்டுபிடிக்கப் பென்சில் போதும். இன்சுலேஷன் போட்ட இடுக்கியால் பிளக் ஒயரின் முனையைப் பிளக்கின் தலையிலிருந்து ஏறத்தாழ 6 மி.மீ. தள்ளிப் பிடித்து, எஞ்சின் ஓடும்போது, நடுவில் பென்சிலின் கூரிய கரிமுனையை நீட்ட வேண்டும். பென்சிலுக்கும் பிளக்குக்கும் இடையே தீப்பொறி ஆரஞ்சு நிறத்தில் விரிந்தால் சரி. பென்சிலுக்கும் ஒயருக்கும் இடையே விரிந்தால் தலைகீழ். இங்கே ஒயர் பக்கம் விரிந்தது. காயிலின் இரண்டு சின்ன ஒயர்களையும் இடம் மாற்றியதும் பிளக் பக்கம் வந்தது. காயிலைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. எழுத்தைப் பார்த்து மாட்டாமல் எர்த்தைப் பார்த்து மாட்டினால் போதும்.

அதே கையோடு பாயிண்ட் இடைவெளி 0.015 அங்குலம், நிலையான டைமிங் (தீப்பொறி வரும் நேரம்) பிஸ்டனின் மேல்மட்டத்துக்கு 10 டிகிரி முன்பு என்று சரிபார்த்தாயிற்று. டைமிங் பின்தங்கியிருந்தால் பிளக்கின் நிறத்தை வைத்து எடுக்கும் முடிவு எல்லாமே பிசகிவிடும்.

மேசைமேல் வைத்த நான்கு தெரிவுகள்

முதலில் என்5. மூக்கு உள்ளடங்கியது, என்3யை விடச் சூடானது. எம்ஜிபிக்கு முந்திய மாடலான எம்ஜிஏ காலத்தில் பி-சீரிஸ் எஞ்சினுக்குச் சொல்லப்பட்ட பிளக் இது. 1968 வண்டிக்கு இதை மாட்டினால் காலம் பின்னோக்கிப் போய்விடுகிறது, நெரிசலில் கரி தாங்கும் திறனும் என்9ஒய்யை விடக் குறைவு. விட்டுவிடலாம்.

இரண்டாவது, அசல் என்9ஒய், செம்பில்லாத நிக்கல் நடு எலக்ட்ரோடு. கையேட்டில் அச்சான அதே பிளக். நல்ல பழைய சரக்கு கிடைத்தால் கண்காட்சிக்கு இதைத்தான் மாட்ட வேண்டும். ஆனால் பழைய சரக்கைப் பெட்டியை நம்பி மாட்டக்கூடாது. பீங்கானை வெளிச்சத்தில் உருட்டி மயிரிழைக் கீறல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாஷர் நசுங்கியிருந்தால் பெட்டி எவ்வளவு புதிதாக இருந்தாலும் அந்தப் பிளக் ஏற்கெனவே ஒரு எஞ்சினுக்குள் போய் வந்தது. மரையில் துரு இருந்தால் கம்பித் தூரிகையால் சுரண்டி மாட்டும் ஆசை வரும். வேண்டாம், பூச்சுப் போன மரை ஹெட்டில் கவ்விக்கொள்ளும். மெகர் (இன்சுலேஷனின் தடையை அளக்கும் கருவி) கொண்டு தலைக்கும் உடலுக்கும் இடையே அளந்தால் நல்ல பிளக்கில் முள் முடிவிலியைத் தொட வேண்டும். 10 மெகாஓம் அளவுக்கு இறங்கியிருந்தால் அதை மாட்டாதீர்கள்.

மூன்றாவது, என்9ஒய்சி. அதே உடல், அதே எண், உள்ளே செம்பு. செம்பு சூட்டை வேகமாகக் கடத்துவதால் மூக்கை இன்னும் நீளமாக்க முடிகிறது. மெதுவான ஓட்டத்தில் கரி பிடிக்காது, வேகத்தில் எல்லையும் மீறாது. வெளியிலிருந்து பார்த்தால் பீங்கானில் அச்சான ஒரு எழுத்து மட்டும் கூடுதல். அந்த எழுத்தோ பிளக் மூடிக்குள் மறைந்திருக்கும்.

நான்காவது, என்ஜிகே நிறுவனத்தின் பிபி6இஎஸ் (BP6ES). வேலையளவில் என்9ஒய்சிக்கு இணை: பி 14 மி.மீ. மரை, இரண்டாவது பி நீட்டிய மூக்கு, 6 ஹீட் ரேஞ்ச், இ 19 மி.மீ. நீளம். ஓடும் வண்டிக்குக் குறையே சொல்ல முடியாது. ஆனால் என்ஜிகேயில் எண் ஏறினால் பிளக் குளிர்கிறது, சாம்பியனுக்கு நேர் எதிர். சாம்பியன் எண்ணிலேயே பழகியவர் ‘இன்னும் கொஞ்சம் சூடாகப் போடலாம்’ என்று 7 அல்லது 8 வாங்கினால், கழற்றிய என்3யின் இடத்துக்கே திரும்பி வந்துவிடுவார். என்ஜிகேயின் கணக்குப்படி ஒரு படி மாறினால் மூக்கின் சூடு 70 முதல் 100 டிகிரி வரை மாறும்.

எண் குழப்பம் இதோடு நிற்பதில்லை. பாஷ் பழைய எண்களில், உதாரணமாக டபிள்யூ145, டபிள்யூ225 என்பவற்றில், எண் ஏறினால் குளிர்ச்சி. பிறகு வந்த ஒற்றை இலக்க எண்களில் ஏறினால் சூடு: பழைய 145 புதிய 8 ஆனது, 225 புதிய 5 ஆனது. சாம்பியனிலேயே 50களிலிருந்து தொடங்கும் எண்கள் பந்தய வரிசை. என்60ஒய் என்பதைப் பார்த்து ‘9-ஐ விட 60 சூடு’ என்று கணக்குப் போட்டால் பந்தயத்துக்கான குளிர்ந்த பிளக் கைக்கு வரும். எண்ணை எண்ணோடு ஒப்பிடாதீர்கள். அந்தந்தத் தயாரிப்பாளரின் பட்டியலில் வண்டியின் பெயரைத் தேடி எடுங்கள்.

தீர்ப்பு: சாலைக்கு என்9ஒய்சி. கையேட்டின் எண்ணுக்கு விசுவாசமாகவும் நெரிசலுக்குத் தாக்குப்பிடிப்பதாகவும் இருப்பது அதுதான்.

ரெசிஸ்டர் பற்றி ஒரு வார்த்தை. பழைய வண்டியில் ரெசிஸ்டர் பிளக் போட்டால் தீப்பொறி செத்துவிடும் என்ற அச்சம் தேவைக்கு மேல் பெரிதாகிவிட்டது. 5 கிலோஓம் ரெசிஸ்டரால் நல்ல காயிலுள்ள பாயிண்ட் இக்னிஷன் திணறாது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் எலக்ட்ரானிக் இக்னிஷன் ஒளித்து வைத்திருந்தால் ரெசிஸ்டர் பிளக்கோ ரெசிஸ்டர் ஒயரோ கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் அதன் சர்க்யூட் குழம்பும். இந்த வண்டியில் பாயிண்ட், அத்துடன் ரேடியோ இரைச்சலை அடக்கும் கார்பன் ஒயர். ஆகவே ஆர் இல்லாத பிளக்.

நீளம்

இரண்டாவது சிலிண்டரின் மரையில் கடைசி நான்கைந்து சுற்று கரியால் அடைந்திருந்தது. முன்பு எப்போதோ அந்த இடத்தில் ‘எல்’ வகை பிளக் இருந்திருக்க வேண்டும். எல் வகைக்கும் 14 மி.மீ. மரை, 13/16 சாவி. நீளம் மட்டும் அரை அங்குலம். உள்ளே போகும், எஞ்சின் ஓடவும் செய்யும். ஆனால் தீப்பொறி குழிக்குள் ஒளிந்துகொள்ளும், மூடப்படாத ஹெட் மரையில் கரி கெட்டிப்படும். பிறகு சரியான நீளப் பிளக்கைத் திருகும்போது அந்தக் கரியில் மாட்டி மரை கிழியும். தலைகீழாக, அரை அங்குல ஹெட்டில் முக்கால் அங்குலப் பிளக்கைப் போட்டால் மரை எரியறைக்குள் நீட்டிச் சூடேறும், சில எஞ்சினில் பிஸ்டனே வந்து முட்டும்.

மரையை 14 மி.மீ. சேசரால் (மரையைச் சீராக்கும் கருவி), அதன் பள்ளங்களில் கிரீஸ் அப்பி, அரைச் சுற்று முன்னே கால் சுற்றுப் பின்னே என்று திருகிச் சுத்தம் செய்தார்கள். கரித்துகள் கிரீஸில் ஒட்டிக்கொண்டு வந்தது. அலுமினிய ஹெட்டாக இருந்திருந்தால் இந்த வேலையின் முடிவு மரைச் சுருள் போடுவதாகவும் இருந்திருக்கும்.

மாட்டியது

இடைவெளி 0.025 அங்குலம், அதாவது 0.64 மி.மீ. பெட்டியிலிருந்து வரும்போது எந்த அளவில் இருந்தாலும் நான்கையும் அளக்க வேண்டும். வளைப்பது பக்க எலக்ட்ரோடை மட்டும். நடு எலக்ட்ரோடில் ஸ்க்ரூ டிரைவரை ஊன்றி நெம்பினால் மூக்குப் பீங்கான் வேரில் விரியும். அந்த விரிசல் கண்ணுக்குத் தெரியாது, ஓடும்போதுதான் தெரியும்.

ஹெட்டில் வாஷர் உட்காரும் முகத்தைத் துணியால் துடைத்து, பிளக்கைக் கையால் கடைசி வரை திருகினார்கள். கையில் போகாத பிளக்கைச் சாவியால் தள்ளக்கூடாது. பிறகு டார்க் ரெஞ்சில் 25 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் இல்லாவிட்டால், புதிய வாஷருக்குக் கையிறுக்கத்துக்குப் பின் அரை முதல் மூன்றில் இரண்டு சுற்று. முன்பே நசுங்கிய வாஷருக்குப் பன்னிரண்டில் ஒரு சுற்று. பூச்சுள்ள மரைக்கு ஆன்டி-சீஸ் பசை தேவையில்லை. பசை தடவினால் அதே டார்க்கில் பிளக் கூடுதலாக இறுகி உடல் நீண்டுவிடும். குறைவாக இறுக்குவதும் ஆபத்துதான். வாஷர், மரை வழியாகவே பெரும்பகுதிச் சூடு ஹெட்டுக்குப் போகிறது. தளர்ந்த பிளக், எண்படி சரியானதாக இருந்தாலும், அளவுக்கு மீறிச் சூடாகும்.

கடைசிக் கண்ணி கழற்றிய பிளக்குகளில் மூன்றாவதில் இருந்தது. அதன் தலைநட்டு தளர்ந்திருந்தது. தலைநட்டுக்கும் மரைக்கும் நடுவே பொறி பறந்து கறுத்த தூள் சேர்ந்திருந்தது. சில மூடிகள் வெறும் மரையைக் கவ்வும், சில தலைநட்டைக் கவ்வும். பழைய மூடியையும் புதிய பிளக்கையும் சேர்க்கும்போது எது வேண்டும் என்று பார்த்து, நட்டு வேண்டுமென்றால் இடுக்கியால் இறுக்க வேண்டும்.

பிறகு பார்த்தது

நெரிசலில் நாற்பது நிமிடம் ஊர்ந்தும் ஒரு சிலிண்டர்கூட விடவில்லை. அடுத்து பிளக் படித்தல், அதாவது கழற்றிய பிளக்கைப் பார்த்து எஞ்சினின் நிலையை அறிவது. ஐடிலில் நிறுத்திக் கழற்றிய பிளக் எதுவும் சொல்லாது. மூன்றாவது கியரில் நல்ல இழுவையில் ஓட்டி, இக்னிஷனை அணைத்து, கிளட்சை மிதித்து, ஓரமாக உருள விட்டு, அங்கேயே கழற்ற வேண்டும். ஸ்டியரிங் பூட்டு உள்ள வண்டியில் சாவியை அணைக்கும் நிலைக்கு மேல் திருப்பாமல், ஆளரவமற்ற இடத்தில் மட்டும்.

நிறத்தைப் பற்றிய பழைய அட்டவணைகளில் ஒரு சிக்கல் இருக்கிறது. அவை ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தவை. பிஸ்கட் நிறம், சாம்பல் பழுப்பு என்று அவை சொல்வது பெரும்பாலும் ஈயப் படிவின் நிறம். ஈயமில்லாப் பெட்ரோலில் சரியான பிளக்கின் மூக்கு கிட்டத்தட்ட வெண்மையாகவே இருக்கலாம். அதைக் கண்டு பெட்ரோல் குறைவு என்று ஜெட்டை இறக்கினால், கரி படிந்த பிளக்கில் போய் முடியும். அதற்குப் பதில் லென்ஸ் வைத்து இரண்டு இடம் பார்க்கலாம். ஒன்று, மூக்குப் பீங்கான் உடலுக்குள் இறங்கும் அடிவாரம்: அங்கே மெல்லிய புகை வளையம் இருந்தால் கலவை சரி, தடித்த கருப்பு என்றால் அதிகம். இரண்டு, பக்க எலக்ட்ரோடில் சூடு விட்ட நிறக்கோடு: வளைவுக்கு அருகே, நடுவில் இருந்தால் ஹீட் ரேஞ்ச் சரி, நுனியோடு நின்றால் பிளக் குளிர்ந்தது, பற்றவைத்த அடிவரை இறங்கினால் மிகச் சூடு. பீங்கானில் மின்னும் அலுமினியப் புள்ளிகள் தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள், அவை பிஸ்டனிலிருந்து வந்தவை.

இந்த நான்கிலும் அடிவாரத்தில் மெல்லிய வளையம், கோடு வளைவில். 800 கி.மீ. ஓடிய பின் இடைவெளி 0.026 அங்குலம், மூன்றாவதன் தலைநட்டு கறுக்கவில்லை. கம்ப்ரெஷனை உயர்த்தியோ பந்தயத் தடத்தில் ஓட்டியோ இருந்தால் ஒரு படி குளிர்ந்த ஒய் வகைக்குப் போக வேண்டியிருந்திருக்கும். உயர்ந்த தலையுள்ள பிஸ்டன் போட்ட எஞ்சினில் நீட்டிய மூக்குக்கு இடம் இருக்கிறதா என்று களிமண் வைத்து அளந்த பிறகுதான் அதுவும்.

கழற்றிய என்3 நான்கையும் சால்வென்டில் கழுவி, காற்றடித்து உலர்த்தி, அவற்றின் மஞ்சள் பெட்டிகளுக்குள்ளேயே திரும்ப வைத்தாயிற்று. மணல் அடித்துச் சுத்தம் செய்யவில்லை. உடலுக்கும் மூக்குக்கும் நடுவே சிக்கும் மணல் ஒரு நாள் சிலிண்டருக்குள்தான் விழும். கண்காட்சி நாளுக்கென்று கீறலில்லாத, மெகர் பார்த்த என்9ஒய் ஒரு செட் தனியாக இருக்கிறது, இடைவெளி 0.025-இல், ஒவ்வொரு பெட்டிமேலும் சிலிண்டர் எண்ணைப் பென்சிலால் எழுதி.